பழைய சென்டாஸ் சர்வரில் வெப் பக்கத்திலிருந்து ஸ்கிரிப்ட் ஓட்டுவது எப்படி?

பீன்யாவாசி:
வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கணினி வேலை மொத்தமும் என் தலையில்தான். சர்வரில் லினக்ஸ் வகையான சென்டாஸ் 6, வெப் சர்வராக அப்பாச்சி 2.2, பக்கங்கள் எழுத பிஎச்பி 5.3. ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) டெர்மினலில் ஓட்டினால் பத்து நிமிடத்தில் முடிகிறது. ஸ்டோர்ஸ் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி வராமல் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பட்டன் வைத்து, பிஎச்பியில் கட்டளை ஓட்டும் எக்ஸெக் வழியாக, நிர்வாகி (ரூட்) அதிகாரம் தரும் சூடோ போட்டுக் கூப்பிட்டேன். அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, எரர் லாகில் டிடிஒய் (டெர்மினல்) இல்லாமல் சூடோ ஓடாது என்று ஒரு வரி. சர்வரை மாற்ற இப்போது பணம் இல்லை.

அல்சூர்_ஷெல்:
தம்பி, சென்டாஸ் 6-இல் யாருக்கு சூடோ உண்டு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில், டெர்மினல் கட்டாயம் என்கிற ரிக்வயர்டிடிஒய் என்று ஒரு வரி ஆரம்பத்திலிருந்தே இருக்கும். அப்பாச்சிக்கு டெர்மினல் கிடையாதே, அதனால்தான் மறுக்கிறது. அந்தக் கோப்பைத் திருத்தும் விசூடோவில் அப்பாச்சி பயனருக்கு மட்டும் அதை நீக்கி, அந்த ஒரே ஸ்கிரிப்டுக்கு மட்டும் பாஸ்வேர்ட் கேட்காதபடி நோபாஸ்வேர்ட் கொடு. ஸ்கிரிப்ட் ரூட் பெயரில் இருக்கட்டும், யாரும் மாற்றி எழுதக்கூடிய 777 அனுமதி மட்டும் போட்டுவிடாதே.

ஒயிட்ஃபீல்ட்_அட்மின்:
டிடிஒய் விளக்கம் சரி, ஆனால் வெப் சர்வருக்கு சூடோ கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது என்ன ஆனது? வெப் சர்வர் வெளி ஸ்கிரிப்டை ஓட்டும் சிஜிஐ முறையில், பிரவுசர் அனுப்பும் ஹெடர்கள் (கோரிக்கையோடு வரும் தகவல் வரிகள்) சூழல் மாறிகளாக ஸ்கிரிப்டுக்குப் போகும், கட்டளைகளை ஓட்டும் பாஷ் ஷெல்லில் இருந்த ஓட்டையால் ஹெடரில் ஒளித்து அனுப்பிய கட்டளையும் ஓடியது. சென்டாஸ் 6-க்கு 2020 நவம்பரோடு அப்டேட் நின்றுவிட்டது, இனி இப்படி ஒன்று வந்தால் பேட்ச் வராது. அந்த சர்வரை ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளியே காட்டவே காட்டாதீர்கள்.

பக்கம் எதையும் ஓட்ட வேண்டாம். தர்ஷினியில் கவுண்டரில் டோக்கன் வாங்குகிற மாதிரி, பட்டனை அழுத்தினால் ஒரு ஃபோல்டரில் சின்னக் கோப்பு ஒன்று உருவாகட்டும், அவ்வளவுதான். ரிப்போர்ட்டுக்கென்றே ஒரு பயனரை வைத்து, அவருடைய கிரான் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டுவது) நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, கோப்பு இருந்தால் எடுத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டட்டும். கிரானில் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) குறைவாகத்தான் இருக்கும், எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி பூட்டும் எஃப்லாக் கட்டாயம், இல்லையென்றால் பொறுமை இல்லாதவர் மறுபடி அழுத்தி இரண்டு ரிப்போர்ட் ஒரே நேரத்தில் ஓடும். நேரடியாக ஓட்டினால் அப்பாச்சியின் டைம்அவுட் (காத்திருக்கும் கால வரம்பு) வேறு இருக்கிறது, 2.2-இல் மாற்றாமல் விட்டால் 300 வினாடி, உங்கள் பத்து நிமிட வேலைக்கு அது எப்படிப் போதும்?

அப்புறம் பட்டன், படிவம் அனுப்புகிற போஸ்ட் முறையில்தான் போகவேண்டும். சாதாரண லிங்க்காக வைத்தால் பிரவுசரே முன்கூட்டித் திறந்து பார்த்து வேலையைத் தொடங்கிவிடலாம். தேதி வாங்குவதாக இருந்தால் எண்ணும் கோடும் தவிர வேறு எழுத்து வந்தால் அங்கேயே தள்ளிவிடுங்கள்.

பீன்யாவாசி:
மேடம், கிரான் வழியைப் பிடித்துக்கொண்டேன், சூடோ வரியை எடுத்துவிட்டேன். ஆனால் ஃபோல்டரை அப்பாச்சி பயனர் பெயருக்கே மாற்றியும் பெர்மிஷன் டினைட் என்கிறது.

ஒயிட்ஃபீல்ட்_அட்மின்:
கெட்என்ஃபோர்ஸ் என்ற கட்டளை அடித்துப் பாருங்கள், என்ஃபோர்சிங் என்று வந்தால் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) தான் தடுக்கிறது, ஆடிட் லாகிலும் தெரியும். அதை அணைத்துவிடச் சொல்லி நிறைய பேர் வருவார்கள், கேட்காதீர்கள். செமேனேஜ் கட்டளையில் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வெப் சர்வர் எழுதக்கூடிய லேபிளைச் சேர்த்து, அது ஃபோல்டரில் பதிய ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

பீன்யாவாசி:
லேபிள்தான் மேடம்! இப்போது கோப்பு உருவாகிறது, கிரானும் எடுத்துக்கொண்டது. ரொம்ப நன்றி, அல்சூர் அண்ணாவுக்கும்.