செம்பருத்தி வேலியிலிருந்து விழுந்த குஞ்சுக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி – சுங்கை சிப்புட், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றின் பழைய லயத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். வீட்டு வாசலில் உள்ள செம்பருத்தி வேலியில் ஒரு பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. இன்று மாலை அடித்த காற்றுமழையில் கூடு சிதைந்து இரண்டு குஞ்சுகளும் தரையில் விழுந்துவிட்டன. ஒன்று நான் பார்க்கும்போதே இறந்திருந்தது. மற்றொன்று இப்போது காலணிப் பெட்டிக்குள் இருக்கிறது. கண் திறந்துவிட்டது, ஆனால் வயிற்றில் வெறும் தோல்தான் தெரிகிறது. சிறகுகளில் சிறு குழல்களைப்போல் இறகுகள் முளைத்திருக்கின்றன. பெரிய பறவைகளுக்கு முகம் வெண்மையாகவும், கண்ணருகே கறுப்புக் கோடும், வாலடியில் மஞ்சள் நிறமும் இருக்கும்.

வேலிக்கு அடியில் பெரிய இறகுகள் சில சிதறிக் கிடந்ததால், தாயைப் பூனை பிடித்திருக்கும் என்று அஞ்சுகிறேன். பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கும்படி பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். என் மகளும் ஒரு துளி பால் ஊட்டிவிட்டாள். மனிதர் கை பட்ட குஞ்சை இனிமேல் எந்தப் பறவையும் சேர்த்துக்கொள்ளாது என்கிறார் என் மாமியார். இந்த உயிரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில் 1 – ஈப்போ

வணக்கம் சகோதரி. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது நம் வீட்டு வேலிகளில் அடிக்கடி கூடு கட்டும் கொண்டைக்குருவி வகை; மலாயில் மெர்பா காப்புர் என்பார்கள். முதலில் பாலை நிறுத்திவிடுங்கள். பறவைகளின் வயிறு பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்காது. ரொட்டியில் வளரும் குஞ்சுக்குத் தேவையான புரதம் போதாது.

இன்றிரவு அதற்கு உணவைவிடச் சூடுதான் முக்கியம். நலமாக உள்ள குஞ்சைத் தொட்டால் நம் விரலுக்கு இளஞ்சூடாகத் தெரிய வேண்டும். குளிர்ந்துபோன குஞ்சுக்கு உணவு ஊட்டினால் அது செரிக்காமல் தங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுடுநீர் நிரப்பி, குட்மார்னிங் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கமாக வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். இருட்டிய பிறகு தாய்ப்பறவையும் ஊட்டுவதில்லை என்பதால், விடியும்வரை பசித்திருக்குமே என்று வருந்த வேண்டாம்.

குஞ்சின் உடலில் பூனையின் பல் பட்ட தடம் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி முனையளவு காயமே ஆனாலும் பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அப்படியிருந்தால் விடிந்ததும் விலங்கு மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். காயமில்லையென்றால், நாளை காலையே வேலியில் பழைய இடத்தில் மாற்றுக் கூடு ஒன்றைக் கட்டி அதில் விட்டுப் பாருங்கள். கை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்குவதில்லை. அவை குரலையும் திறந்த வாயையும் பார்த்தே ஊட்டுகின்றன. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்ப்பதால், ஒன்று போயிருந்தாலும் மற்றது தேடி வரக்கூடும்.

பதில் 2 – தெலுக் இந்தான்

ஈப்போ அன்பர் சொன்னதோடு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாயில் தண்ணீர் விடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மைனாக் குஞ்சைத் தாகமாக இருக்குமென்று நினைத்து, சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர் கொடுத்தே நான் இழந்தேன். குஞ்சின் மூச்சுக்குழல் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்திருக்கிறது. சொட்டும் நீர் நேராக நுரையீரலுக்குள் போய்விடுகிறது. ஊறிய உணவில் உள்ள ஈரமே அதற்குப் போதும்.

காலையில் பெரிய பறவை வரும்வரை, பூனை பிஸ்கட்டை வெதுவெதுப்பான நீரில் பஞ்சுபோல் ஊறவைத்து, நீரைப் பிழிந்துவிட்டு, மிளகளவு உருண்டைகளாகக் கொடுங்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவையும், சிறகும் காலும் நீக்கிய சிறு வெட்டுக்கிளியையும், பழுத்த பப்பாளித் துண்டையும் இடையிடையே சேர்க்கலாம். பெரிய கொண்டைக்குருவிகள் பழமும் தின்னும், ஆனால் குஞ்சு வளரப் பூச்சிதான் வேண்டும். பெட்டியை மெதுவாகத் தட்டினால் வாயைத் திறக்கும்; மழுங்கிய குச்சி முனையால் வாயின் உட்புறத்தில் வைத்துவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை மூன்று நான்கு உருண்டை போதும். வாயை மூடிக்கொண்டால் வற்புறுத்தக் கூடாது. ஊட்டியபின் வெண்மையான பை போன்ற எச்சம் வந்தால் செரிமானம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

பெட்டியின் வழவழப்பான தளத்தில் குஞ்சை அப்படியே விட்டால் கால்கள் இருபுறமும் விரிந்து, பிறகு நிற்க முடியாமற்போகும். சின்னக் கிண்ணத்தில் மெல்லிய தாளைக் குழிவாக அமைத்து, கால்கள் உடலுக்கடியில் மடங்கியிருக்குமாறு வையுங்கள். இதையெல்லாம் படிக்கும் மற்றவர்கள் புறாக் குஞ்சுக்கு இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். அது தாயின் வாய்க்குள் அலகை விட்டு, தாயின் தொண்டைப்பையில் சுரக்கும் புறாப்பாலைக் குடிக்கும் இனம், அதற்கு ஊட்டும் முறையே வேறு.

கேள்வி கேட்டவர் – செவ்வாய் நண்பகல்

இரவெல்லாம் போத்தலை மாற்றி மாற்றி வைத்தோம். காயம் எதுவும் இல்லை. ஏழரைக்கு முதல் உருண்டையைக் கொடுத்தபோது கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டது. என் மகள் அழுதேவிட்டாள். பிறகு மார்ஜரின் டப்பாவின் அடியில் ஆணியால் துளைகளிட்டு, பழைய கூட்டின் நார்களையே உள்ளே பரப்பி, வேலியில் அதே உயரத்தில் கம்பியால் கட்டினோம். கதவை மூடிக்கொண்டு சன்னல் வழியே பார்த்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் எதுவும் வரவில்லை. எடுத்துவிடலாமா என்று நான் எழுந்த நேரத்தில், ஒரு பறவை அலகில் பச்சைப் புழுவோடு துணிக்கயிற்றில் வந்து அமர்ந்தது. இதுவரை ஐந்து முறை ஊட்டியிருக்கிறது, ஆனால் ஒரே பறவைதான் வருகிறது. அது மட்டும் போதுமா? மாலை மழைக்கு என்ன செய்வது?

பதில் 1 – ஈப்போ

மிக மகிழ்ச்சி, சகோதரி. ஒரே குஞ்சு என்பதால் ஒரு பறவையால் பெரும்பாலும் சமாளிக்க முடியும். நீங்களும் கூடவே ஊட்டத் தேவையில்லை. டப்பாவில் உணவு எதையும் வைத்துவிடவும் வேண்டாம், எறும்பு மொய்த்துவிடும். மழைக்கு ஓர் அட்டையையோ தகரத் துண்டையோ ஒரு முழ உயரத்தில் சாய்த்துக் கட்டுங்கள், பறவை வந்துபோகும் பக்கம் திறந்திருக்கட்டும். அதைக் கண்டு பறவை ஒரு மணி நேரத்துக்குமேல் கிட்டே வராவிட்டால் அகற்றிவிடுங்கள். இருட்டியதும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்: பறவை மேலே அமர்ந்து அணைத்திருந்தால் கவலையில்லை, தனியே குளிர்ந்து கிடந்தால் இரவு மட்டும் உள்ளே கொண்டுவந்து, விடியும்போது திரும்ப வையுங்கள்.

இன்னும் சில நாட்களில் இறகு மூடியதும், சரியாகப் பறக்கத் தெரியாமலே குஞ்சு வேலியடியில் குதித்து நிற்கும். அப்போது மறுபடி விழுந்துவிட்டதென்று நினைத்து எடுத்துக் கூண்டில் வைக்காதீர்கள். பெரிய பறவை தரையிலும் வந்து ஊட்டும். அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் பூனையை வீட்டுக்குள் வைத்திருக்க முடியுமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.