கறுத்தது வெள்ளியா, கொழுந்தா?

ஹட்டன் மகள்

பேராதனையில் இறுதியாண்டு ஆய்வு. வெள்ளி நானோ துணிக்கை, பச்சை முறை. அதாவது, வெள்ளி நைத்திரேற்று என்ற வெள்ளி உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துணிக்கைகளை இலைச் சாற்றால் உருவாக்குவது. தேயிலைக் கொழுந்து, அம்மா பறித்துத் தந்தது. முதல் நாள் குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டேன். வெள்ளி நைத்திரேற்றை ஊற்றியதும் பால் கலந்ததுபோல் வெளுத்தது. தண்ணீரிலிருந்த குளோரைட்டின் வேலை. அதை விடுங்கள். மறுநாள் வடித்த நீரில் வெள்ளி நைத்திரேற்றின் 1 மில்லிமோலர் (மிக நீர்த்த) கரைசல், அதில் கொழுந்து அவித்து ஆறவைத்த சாறு. இளமஞ்சள் மெல்ல மெல்லச் செம்பழுப்பானது. கைபேசியில் படம் பிடித்து, வார இறுதியில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டு, ஈரக் கையை இடுப்புப் படங்கில் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"கொழுந்து அவித்த தண்ணீரைச் சும்மா வைத்தாலும் கறுக்குமே மகள். இது வெள்ளி செய்ததா, கொழுந்து செய்ததா?"

என்னிடம் பதில் இல்லை. வெள்ளி சேர்க்காத சாற்றைத் தனிக் குடுவையில் பக்கத்தில் வைக்கவேயில்லை. பிறகு வைத்தேன். எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தபோது, வெள்ளி சேர்த்ததில் வெள்ளித் துணிக்கைக்குரிய 430 நானோமீற்றர் அலைநீளத்தின் அருகே தெளிவான மேடு; வெறும் சாற்றில் அந்த இடத்தில் மேடே இல்லை. அறிக்கையில் அந்த ஒப்பீட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினேன். கேள்வி யாருடையது என்று எழுதவில்லை. நான்கு வருடமாக உறுத்துகிறது.

பதுளைக்காரன்

தங்கச்சி, அம்மா கேட்டது சரியான கேள்வி. ஆனால் "பச்சை முறை" என்றதுமே உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. சாறு இலையிலிருந்து வரலாம், கடைசியில் கையில் இருப்பது வெள்ளி. கிருமியைக் கொல்வது, அளவு மிஞ்சினால் நம் உடற்கலங்களையும் கொல்லும். கொழுந்தும் மழைக்கு ஒரு மாதிரி, வறட்சிக்கு ஒரு மாதிரி. துணிக்கையின் பருமனும் அதோடு மாறும்.

நான் செய்தது தங்க நானோ துணிக்கை, 1951இல் டர்கெவிச் குழுவினர் வெளியிட்ட சித்திரேற்று முறை. கொதிக்கும் தங்கக் கரைசலில் சித்திரேற்றை விட்டால், சற்று நேரத்தில் மாதுளை முத்தின் சிவப்பு. அதில் கொஞ்சம் உப்புக் கரைசலை ஊற்றிப் பார்த்தேன். கண்முன்னே நீலமானது. துணிக்கைகளை விலக்கி வைத்திருந்த மின்னேற்றத்தை உப்பு மறைத்துவிட, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரத்தமும் உப்புத்தானே? மேலே பொலிஎதிலீன் கிளைக்கோல் போன்ற போர்வை இல்லாத தங்கத்தை மருந்து என்று யாராவது சொன்னால், அந்த நீலம்தான் கண்ணில் நிற்கிறது.

தலவாக்கலை ஆசிரியர்

கையுறை போடாமல் வெள்ளி நைத்திரேற்றைத் தொட்டேன். விரல் கறுத்து, அடுத்து வந்த கல்யாண வீட்டில் கையை நீட்டவே கூசியது. என் கதை அவ்வளவுதான்.

தங்கத் துணிக்கை செய்கிறவர்கள் குடுவையை முதலில் இராஜ திராவகத்தால் கழுவுங்கள். ஐதரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, நைத்திரிக் அமிலம் 1 பங்கு. புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டுக்குள் மட்டும் கலக்க வேண்டும். மீந்ததை இறுக்கி மூடினால் வாயு அடைத்துப் போத்தல் வெடிக்கும். பிறகு வடித்த நீரால் பலமுறை அலசுங்கள். பழைய துணிக்கை ஒட்டியிருந்தால் புதியவை அதன்மேலேயே வளர்ந்து, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகிவிடும். வெள்ளி நைத்திரேற்றைக் கபில நிறப் போத்தலில் வையுங்கள், வெளிச்சம் ஆகாது. கழிவைக் கானில் (வடிகாலில்) ஊற்றாதீர்கள். கீழே ஓடையில் குளிப்பது நம் சனம்.

நானுஓயா குடும்பநல உத்தியோகத்தர்

பதுளை அண்ணா, தங்கம் உடம்புக்குள் போனால்தான் மருத்துவமா? கர்ப்பப் பரிசோதனைப் பட்டைகள் பலவற்றில் தெரியும் சிவப்புக் கோடும் அதே தங்கத் துணிக்கைதான். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது என்று ஒரு பிள்ளை பட்டையை லயத்து விளக்கடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது கோடு மயிரிழையாய், இருக்கிறதா இல்லையா என்ற மாதிரி. "இது கணக்கா மிஸ்?" என்றாள். இரண்டு நாள் கழித்துப் பார்ப்போம் என்றேன். மங்கலானாலும் கோடு கோடுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் பட்டையைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையை எடுத்துத் தலையில் மாட்டி மலைக்கு ஏறினாள்.