தையல் வகுப்புக்கும் வெளியூருக்கும் தூக்கிச் செல்ல எடை குறைந்த மெஷின் எது?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் மாமியார் காலத்துக் கறுப்பு மிதி மெஷின் இருக்கிறது. பாவாடை, நைட்டி, தலையணை உறை எல்லாம் அதில்தான் தைக்கிறேன். இப்போது மதுரையில் ப்ளவுஸ் வெட்டித் தைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே ஆட்களுக்கு ஏற்ற அளவு மெஷின் இல்லை. சொந்தமாகக் கொண்டுவந்தால் நாள் முழுவதும் தைக்கலாம், இல்லாவிட்டால் முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வகுப்பு இரண்டாவது மாடியில் நடக்கிறது, லிஃப்ட் கிடையாது. போக்குவரத்து பஸ்ஸில்தான். இது தவிர, பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனால் சில வாரம் தங்குவேன். பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்க அங்கேயும் மெஷின் வேண்டும்.

பக்கத்து வீட்டில் இணையத்தில் வாங்கிய குட்டி மெஷின் இருக்கிறது. பேட்டரியிலும் ஓடுகிறது, அடாப்டரிலும் ஓடுகிறது, ஒரு கையால் தூக்கிவிடலாம். இரவல் வாங்கித் தைத்துப் பார்த்தேன். ஒற்றைக் காட்டன் துணியில் சரியாகப் போனது. லைனிங் வைத்த ப்ளவுஸின் கைக்குழியில் ஏற்றியதும் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. அதோடு துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடுகிறது.

இந்த வகையிலேயே நல்லதாக ஒன்று கிடைக்குமா, அல்லது பெரிய மெஷின்தான் வாங்க வேண்டுமா? பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். மகள் வீட்டில் அடிக்கடி மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: சேலம், தையல் ஆசிரியை

அக்கா, ப்ளவுஸ் தைக்க வேண்டுமென்றால் அந்தக் குட்டி மெஷினை மறந்துவிடுங்கள். நல்லது, கெட்டது என்று அதில் தேடவே வேண்டாம். அந்த வகையின் அமைப்பே இந்த வேலைக்கானதல்ல. பெரும்பாலும் 6 வோல்ட் மோட்டார், உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். ஃபால்ஸ் கிழிந்தால் ஒட்டுப்போடவும் திரைச்சீலை ஓரம் மடித்து அடிக்கவும் உதவும்.

கைக்குழியில் ஏன் நின்றது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உடம்புத் துணி, அதன் லைனிங், கைத் துணி, அதன் லைனிங் என்று நான்கு அடுக்கு. பக்கத் தையலும் கையின் அடித்தையலும் வந்து சேரும் இடத்தில் மடிப்புகளும் கூடுவதால் எட்டு அடுக்கு ஆகிவிடுகிறது. கழுத்துக்குப் பைப்பிங் கயிறு, ஹூக் பட்டிக்குக் கேன்வாஸ் வைத்தால் இன்னும் தடிமன். இதைத் துளைத்துக்கொண்டு ஊசி இறங்க மோட்டாருக்கு வலு வேண்டும், மெஷினுக்குள்ளே உலோகச் சட்டம் வேண்டும்.

மின்சாரத்தில் ஓடும், ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து விழும் தையல்) உள்ள வீட்டு உபயோக மெஷின்தான் உங்களுக்குச் சரி. உஷா ஜனோம், சிங்கர், பிரதர் ஆகியவற்றின் தொடக்கநிலை மாடல்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள் இருக்கும். உங்கள் கறுப்பு மெஷினின் தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல். ஐந்துக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது, இரண்டாவது மாடிப் படியில் தெரியும். ஆகவே ஆறு கிலோவுக்குள் பாருங்கள். இணையத்தில் போட்டிருக்கும் எடை சில நேரம் அட்டைப் பெட்டியோடு சேர்த்ததாக இருக்கும். கடையில் கைப்பிடியைப் பிடித்து நீங்களே தூக்கிப் பாருங்கள்.

திரையும் பொத்தான்களும் உள்ள கம்ப்யூட்டர் மெஷின் இப்போது வேண்டாம். ப்ளவுஸுக்கு நேர்த்தையல், ஓரம் பிரியாமலிருக்க ஜிக்ஜாக், காஜா இவை போதும்.

கடைக்குப் போகும்போது உங்கள் துணியை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் கொடுக்கும் மொடமொடப்பான வெள்ளைத் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். பழைய ப்ளவுஸிலிருந்து கைக்குழியை ஒரு சாண் வெட்டி எடுத்துப்போய், அந்த எட்டு அடுக்கு மேட்டில் பெடலை மெதுவாக மிதித்து ஏற்றுங்கள். வேகமாக மிதித்தால் எல்லா மெஷினும் தாண்டிவிடும். மெதுவாகப் போகும்போது மேடு ஏறுகிறதா, தையலின் நீளம் அங்கே சுருங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வழுக்கும் பட்டுத் துண்டு ஒன்றில் தைத்துப் பாருங்கள். சுருக்கம் விழாமல் இருந்தால் அந்த மெஷினை நம்பலாம்.

பதில்: ஈரோடு, மெஷின் பழுதுபார்ப்பவர்

ஆசிரியை அம்மா சொன்னது முழுக்கச் சரி. நூல் கொத்தாகச் சேர்வதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் புது மெஷினிலும் இது வரும். அடியில் நூல் குவிந்தால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் கீழே இருக்கும்போது நூல் கோத்தால், இறுக்கம் கொடுக்கும் இரண்டு தகடுகளும் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பிடிப்பே இல்லாத நூல் முழுவதும் அடியில் இறங்கிக் குவிந்துவிடும். பாதத்தைத் தூக்கிவைத்து, நூலை மறுபடி முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். தைக்கத் தொடங்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் நுனியையும் பாதத்துக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மெஷின்கள் ஏறக்குறைய ஒரு சீலிங் ஃபேன் எடுக்கும் மின்சாரத்தைத்தான் எடுக்கும்.

பாபின் இரண்டு விதம். முன்பக்கம் திறந்து, உலோகப் பாபின் கேஸை உள்ளே மாட்டுவது ஒன்று. மேலே மூடியைத் திறந்து பாபினை அப்படியே போடுவது இன்னொன்று. என் ஓட்டு முதல் வகைக்கு. உங்கள் கறுப்பு மெஷினில் பழகிய கைக்கு அது சுலபம், கேஸ் கெட்டால் சிறிய ஊரில்கூட மாற்று கிடைக்கும்.

பதில்: சேலம், தையல் ஆசிரியை

ஐயா சொல்வதில் இங்கே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மேலிருந்து போடும் வகையில் கண்ணாடி போன்ற மூடி வழியாகக் கீழ்நூல் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். வகுப்பில் பாதித் தையலில் நூல் தீர்ந்து பிரிக்கும் வேலை இல்லை. பயணத்தில் பாபின் கேஸ் தொலையும் பயமும் இல்லை. ஆனால் அந்த மெஷினோடு வந்த பிளாஸ்டிக் பாபினையே போட வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் உலோகப் பாபினைப் போட்டால் தகராறுதான்.

பதில்: டொரன்டோ

நான் இங்கே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வகுப்புக்குப் போகிறேன். இங்கு வகுப்புக்குத் தூக்கிச் செல்லும் மெஷின் என்றாலே பலரும் பழைய சிங்கர் ஃபெதர்வெயிட் 221ஐத்தான் சொல்வார்கள். 1933ல் வந்தது. அலுமினிய உடம்பு, எடை ஏறக்குறைய 5 கிலோ, தைக்கும் பலகை மேல்நோக்கி மடங்கும், பெட்டிக்குள் அடக்கமாக உட்காரும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதன் நேர்த்தையலுக்கு ஈடு நான் இன்னும் பார்க்கவில்லை.

இணையத்தில் யாராவது புகழ்வதைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வீர்களோ என்றுதான் இதை எழுதுகிறேன். வேண்டாம் அம்மா. அது நேர்த்தையல் மட்டும் போடும், ஜிக்ஜாக் கிடையாது. வட அமெரிக்காவில் விற்றவை 110 வோல்ட் மின்சாரத்துக்கானவை, நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் மோட்டார் கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துச் சுமந்தால் எடை குறைந்த மெஷின் வாங்கி என்ன பயன்? அதன் பாபினும் தனி அளவு. இங்கு விற்கும் புது மெஷின்களுக்கும் இந்த வோல்ட் சிக்கல் உண்டு. நீங்கள் இருக்கும் ஊரிலேயே வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: திருமங்கலத்திலிருந்து

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. பாதத்தைத் தூக்கிவைத்து நூல் கோர்த்தேன், குட்டி மெஷினில் கொத்து விழுவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏக மகிழ்ச்சி.

கைக்குழித் துண்டோடு மதுரையில் கடைக்குப் போனேன். இரண்டு மெஷின் பிடித்திருக்கிறது. ஒன்று எடை குறைவு, மேலே பாபின், மேட்டிலும் ஏறியது. ஆனால் வேகமாக மிதித்தால் மேசையில் நகர்கிறது. இன்னொன்று அரைக் கிலோ போலக் கூடுதல், முன்பக்கப் பாபின், அசையாமல் நிற்கிறது. எதை எடுக்கலாம்? பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது? இரண்டுக்கும் துணி உறைதான் தருகிறார்கள்.

பதில்: கோயம்புத்தூர், வாரம்தோறும் மெஷினோடு பயணம் செய்பவர்

அம்மா, அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மோகோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சக்கரம் வைத்த சிறிய டிராலிப் பெட்டி ஒன்றை அந்தத் தெர்மோகோல் அளவுக்குப் பார்த்து வாங்குங்கள், மெஷின் அதற்குள் ஆடாமல் உட்காரும். கிளம்பும் முன் ஊசியைக் கீழே இறக்கி, பாதத்துக்கும், அதன் அடியில் துணியை நகர்த்தும் பல்லுக்கும் நடுவே நான்காக மடித்த துணித் துண்டு ஒன்றை வைத்துப் பாதத்தையும் இறக்கிவிடுங்கள். நூல்கண்டு மாட்டும் கம்பியை மடக்குங்கள் அல்லது கழற்றுங்கள், அதுதான் முதலில் உடையும். பெடலைத் தனித் துணிப்பையில் போடுங்கள், மெஷின்மேல் வைக்காதீர்கள். பஸ்ஸில் மேல்தட்டு வேண்டாம், காலடியில் நிற்கவைத்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கரடுமுரடான தெருவில் இழுக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

ரயிலில் சிரமமே இல்லை. இரண்டாம் வகுப்புப் படுக்கையில் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம், சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். விமானத்தில் போனால் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான், கத்தரிக்கோல் சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும்.

பதில்: ஈரோடு, மெஷின் பழுதுபார்ப்பவர்

இரண்டும் மேட்டில் ஏறியிருக்கின்றன என்றால் எடை குறைந்ததையே எடுங்கள் அம்மா. பாபின் விஷயத்தில் நான் சொன்னதற்காக அரைக் கிலோவை மாடிக்குச் சுமக்க வேண்டாம். மெஷின் நகர்வதற்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் போதும். வகுப்பு மேசை ஆடினாலும் மெஷின் நகரும், முதலில் மேசைக் காலுக்கு அட்டை வைத்துப் பாருங்கள்.

கையெழுத்தும் முத்திரையும் போட்ட உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் பாபின்களை அதே கடையில் அதே மாடலுக்கு என்று சொல்லி வாங்குங்கள். காட்டன் ப்ளவுஸுக்கு 14ஆம் நம்பர் ஊசி, பட்டுக்கு 11, கேன்வாஸ் வைத்த பட்டிக்கு 16. ஊசியின் தட்டைப் பக்கம் பின்னோக்கி இருக்கும்படி மாட்டி, முட்டும்வரை மேலே தள்ளித் திருகுங்கள். பயணம் முடிந்து எடுத்ததும் நேராக மோட்டாரை ஓட்டாமல், கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஊசி எங்கேயும் தட்டவில்லை என்றால் பெடலை மிதிக்கலாம். தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள், அதன் பிறகு மற்றதைப் பார்ப்போம். எண்ணெய் எங்கே விட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கிய பிறகு மாடல் பெயரை இங்கே எழுதுங்கள், சொல்கிறேன்.