அவர் கையில் டிரில் மெஷின்: உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம்

பாத்ரூமில் கண்ணாடி மாட்ட ஆள் கூப்பிட்டால் 300 ரூபாய் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் 2,700 ரூபாய்க்கு ஒரு டிரில் மெஷின் வாங்கினார். இந்தக் கணக்கை அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன்.

நான்கு ஓட்டை போட வேண்டும். மூன்று ஒழுங்காக விழுந்தன. நான்காவதில் சத்தம் சட்டென்று மாறியது, சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. "என்னங்க ஆச்சு?" என்றேன். "ஒண்ணுமில்ல, டைல் கொஞ்சம் கெட்டி" என்றார். அரை மணி நேரத்தில் கண்ணாடி சுவரில் இருந்தது. பரவாயில்லையே என்று பாராட்டி, மீன் குழம்பில் தலைத்துண்டு வேறு அவருக்கே வைத்தேன். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

மூன்று வாரம் கழித்து படுக்கையறை அலமாரியில் ஒரு வாடை. பாத்ரூம் சுவரோடு ஒட்டிச் செய்த அலமாரி அது. ஐப்பசி மழை, ஓதம் அடிக்கிறது என்று அந்துருண்டை போட்டேன். அப்புறம் ஒருநாள் அடி டிராயரை இழுத்தால் வரவில்லை. பிளைவுட் உப்பிப்போயிருந்தது. ஆசாரி வந்து பெயர்த்த பிறகு பார்த்தால் என் கல்யாணக் கூறைப்புடவை ஒரு பக்கம் முழுக்க நனைந்து, அரக்குச் சாயம் சுற்றி வைத்திருந்த வெள்ளை வேட்டியில் இறங்கியிருந்தது.

பழி முதலில் மாடி வீட்டின் மேல்தான் போனது. அந்த அம்மாவிடம் போய் உங்கள் பாத்ரூம் ஒழுகுகிறது என்று நானே சொன்னேன். பாவம், ஆள் வைத்து டைல் இடுக்கெல்லாம் அடைத்தார்கள். இவரும் என் பக்கத்தில் நின்று, "ஆமா, மேல இருந்துதான் வரும்" என்றார்.

அடைத்தும் ஈரம் நிற்கவில்லை. பிளம்பர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். மேலே காய்ந்திருக்கிறது, ஈரம் நடுவில்தான் ஆரம்பிக்கிறது, இது மாடி வீட்டுத் தண்ணீர் இல்லை என்றார். நேரே பாத்ரூமுக்குப் போனார். வாஷ்பேசினுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வுக்கு நேர் மேலே அந்த நான்காவது ஸ்க்ரூ. "கண்ணாடி யார் சார் மாட்டினது?" இவர் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூவைக் கழற்றியதும் தண்ணீர் பீய்ச்சி பிளம்பர் நெஞ்சில் அடித்தது. கூடவே ஓட்டை அடைக்கும் எம்சீல் பசையும் வெள்ளை சிமென்டும் துண்டு துண்டாக வந்து விழுந்தன. அதாவது, அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

சுவருக்குள் ஓடும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை டிரில் குத்திவிட்டது. எம்சீலை அடைத்து அதன் மேலேயே ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார். ஸ்க்ரூ தக்கை மாதிரி நின்றதால் வெளியே ஒரு சொட்டு வரவில்லை. கசிந்ததெல்லாம் சுவருக்குள்ளேயே போய் அலமாரிப் பக்கம் இறங்கியிருக்கிறது. மாடித் தொட்டியின் அழுத்தம் ராத்திரி பகல் நிற்கும் குழாயில், ஈரத்தோடு வைத்த எம்சீல் எத்தனை நாள் தாங்கும்?

சரி, கேட் வால்வை மூடலாம் என்று மொட்டை மாடிக்குப் போனால், வருடக்கணக்கில் யாரும் திருப்பாத வால்வு போர் தண்ணீர் உப்பில் இறுகிக் கிடந்தது. தொட்டியையே காலி செய்தோம். ஆறு வீட்டுக்கும் சாயங்காலம் வரை தண்ணீர் இல்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் காரணத்தை நான்தான் எழுத வேண்டியிருந்தது. 'பைப் வேலை' என்று மட்டும் எழுதினேன்.

பிளம்பர், கொத்தனார், ஆசாரி எல்லாம் சேர்த்து 14,000 தாண்டியது. புடவை இந்தக் கணக்கில் இல்லை. உங்கள் வீட்டில் எப்படி?

பெரம்பூர்

எங்கள் வீட்டில் சேதம் கம்மி, மானம்தான் போனது. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கெப்பாசிட்டர் போயிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். அது சரியாகத்தான் சொன்னார். 2.5 மைக்ரோஃபேரட் ஒன்று வாங்கி வந்து அவரே மாற்றினார். ஃபேன் பறந்தது, காற்று மட்டும் வரவில்லை. அக்னி நட்சத்திர வெயில் வேறு. வோல்டேஜ் கம்மி என்று மூன்று நாள் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் படுத்துக்கொண்டே பார்த்த மாமியார்தான், "ஏண்டா, இது எதிர்ப்பக்கம் சுத்துதே?" என்றார். இவர் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

மயிலாப்பூர்

பெண்கள் மட்டும் எழுதும் இடமா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் டிரில் மெஷின் இல்லை, என் மனைவி கையில் ஆசிட் பாட்டில்.

தாத்தா காலத்து மொசைக் தரை. வாட்டர் ஃபில்டருக்குக் கீழே உப்புக்கறை வெள்ளையாகப் படிந்திருந்தது. பாத்ரூம் டைலுக்கு ஊற்றும் ஆசிட்டை எடுத்து ஊற்றியிருக்கிறார். பொங்கிப் பொங்கி நுரை வந்திருக்கிறது. அழுக்குதான் போகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். போனது அழுக்கு இல்லை, தரை. மொசைக்கில் இருப்பது சிமென்டும் பளிங்குச் சல்லியும்தான். ஆசிட் இரண்டையும் தின்றுவிடும். துடைத்த பிறகு அந்த இடம் மட்டும் உப்புத்தாள் மாதிரி காலில் உரசியது. அங்கே மட்டும் பாலிஷ் போட்டால் தனித் திட்டாகத் தெரியும் என்று ஹால் முழுக்க மெஷின் ஓட்டினார்கள். மூன்று நாள் வீடெல்லாம் சாம்பல் நிறக் குழம்பு. பூஜையறை வாசல் வரை வந்துவிட்டது. நல்லவேளை, பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துப் போடவில்லை. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, மூச்சையே அடைத்துவிடும்.

ஆனால் ஒன்று. துடைத்த கையோடு எனக்குப் போன் செய்து, "ஒரு தப்பு பண்ணிட்டேன், திட்டாம வாங்க" என்றார். நானும் திட்டவில்லை. (பாலிஷ்காரர் விலை சொன்னபோது லேசாக.) உங்கள் வீட்டுக்காரர் குழாயில் ஓட்டை போட்டதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை மேடம். மாடி வீட்டுக்காரர் செலவு செய்வதைப் பார்த்துக்கொண்டு எப்படி நின்றார்?

ஆவடி

குற்றவாளிகள் தரப்பில் ஒருவன் பேச வேண்டும் அல்லவா? 25 லிட்டர் கீசரை நானே மாட்டினேன். 2,000 வாட், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். நான் கொடுத்தது 6 ஆம்பியர் பாயிண்ட், நடுவில் ஓர் அடாப்டர். ஒரு வாரம் வெந்நீர் நன்றாகவே வந்தது. அப்புறம் கருகல் வாடை. சாக்கெட்டும் அடாப்டரும் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே, டிரிப் ஆகியிருக்க வேண்டாமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அது மின்கசிவுக்கு, சூட்டுக்கு இல்லை என்று சிரித்தார். இப்போது தடித்த வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாகப் போட்டாகிவிட்டது.

நானும் இரண்டு நாள் மறைத்தேன். கீசர் கம்பெனிக்குப் புகார் கொடுத்திருப்பதாக மனைவியிடம் பொய் சொன்னேன். பத்து நிமிடத்தில் நாமே சரிசெய்துவிடலாம் என்று முதலில் நிஜமாகவே நம்புகிறோம் சகோதரி. பதினோராவது நிமிடம் சொல்ல வாய் வருவதில்லை.

மடிப்பாக்கம்

மயிலாப்பூர் சார் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். பதில் வரவில்லை. மறுநாள் தானாகவே மாடிக்குப் போய் டைல் இடுக்கு அடைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா வாங்க மறுத்தும் டீப்பாயில் வைத்துவிட்டு வந்தாராம். இரண்டு நாள் லிஃப்டில் நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

குழாய் எங்கே ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனப் பிளம்பரிடம் கேட்டேன். குழாயோ வால்வோ சுவரிலிருந்து வெளியே வரும் இடத்துக்கு நேர் மேல், நேர் கீழ், நேர் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள் என்றார். புது வீடு கட்டுகிறவர்கள் டைல் ஒட்டும் முன்பே சுவரை போட்டோ எடுத்து வையுங்கள்.

கண்ணாடி அதே இடத்தில்தான் இருக்கிறது. உடைத்த டைலின் டிசைன் இப்போது வருவதில்லை. வெள்ளை டைல் இரண்டு ஒட்டியிருக்கிறோம், அதை மறைக்க வேண்டுமே. இந்த முறை பசை போட்டு பிளம்பர்தான் ஒட்டினார். இவர் தள்ளி நின்று லெவல் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.