ஆஸ்துமாவும் மெடிக்கல் ஷாப்பும்: பார்மசிஸ்ட்டோடு சேர்ந்து இலக்கு வைத்தவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணம்:

அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக வீசிங். தினமும் காலையும் இரவும் இழுக்க வேண்டிய மருந்தை "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று நிறுத்திவிடுவார். இழுப்பு வந்ததும் உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். போன ஆவணியில் அது தீர்ந்துபோய், தெருமுனை மெடிக்கலுக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பார்மசிஸ்ட் பெண் பில் போடவில்லை. அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"இதுல 200 பஃப் இருக்கும்மா. போன மாசம்தானே வாங்கினீங்க? அப்ப நாளைக்கு ஆறேழு தடவை அடிக்கிறீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவைப்பட்டாலே இழுப்பு கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம்."

அம்மா அசரவில்லை. எல்லா டாக்டரும் சொல்வதுதானே. அடுத்து அந்தப் பெண் கேட்டது வேறு மாதிரி இருந்தது. "இழுப்பு இல்லேன்னா என்னம்மா செய்வீங்க?"

"மார்கழியில வாசல்ல நானே கோலம் போடுவேன். இப்ப மருமகதான் போடுறா. புள்ளியே நேரா வர மாட்டேங்குது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பழைய பில்லின் பின்பக்கத்தில் "மார்கழி 1 – வாசல் கோலம்" என்று எழுதினார். அதன் கீழே இரண்டு வேலை. ஒன்று, இருமலோ இழுப்போ வந்து தூக்கம் கலைந்த இரவுகளுக்கு நாட்காட்டியில் ஒரு சுழி போட வேண்டும். இன்னொன்று, தினமும் இழுக்கும் மருந்தைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைக்க வேண்டும். மறக்காது, இழுத்த கையோடு வாய் கொப்பளித்துத் துப்பியும் விடலாம். கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளை படியுமாம்.

புரட்டாசித் தாளில் நிறைய சுழி. கார்த்திகையில் விரல் விட்டு எண்ணலாம். மார்கழியில் விடியற்காலைப் பனிக்கு வெளியே போகாமல், வெயில் எட்டிப் பார்த்த பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோலம் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போகியன்று தெருவெல்லாம் புகை, நெபுலைசர் வைக்க ஓட வேண்டியிருந்தது.

உங்களில் யாருக்காவது இப்படிக் கடையில் இலக்கு வைத்த அனுபவம் உண்டா?

மெல்பர்ன் (சொந்த இடம் யாழ்ப்பாணம்):

இங்கே அந்த நீல மருந்தை டொக்டரின் சீட்டு இல்லாமலே பாமசியில் வாங்கலாம். ஆனால் தட்டில் இருந்து எடுத்துக்கொண்டு காசைக் கட்டிவிட்டுப் போக முடியாது. பார்மசிஸ்ட் வந்து கதைத்த பிறகுதான் தருவார். எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது.

2016 நவம்பர் 21 பின்னேரம் இங்கே அடித்த இடிமழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புல்லின் மகரந்தம் மழைக்காற்றில் பொடிப்பொடியாக உடைந்து மூச்சுக்குள் போனதில் ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். 10 பேர் செத்துப்போனார்கள். தும்மலும் மூக்கு ஒழுகலும் மட்டும் இருந்தவர்களுக்குக்கூட அன்றைக்குத் தொய்வு (ஆஸ்துமா) வந்தது. என் மனுசனும் அன்றிரவு எமர்ஜென்சியில்தான் கிடந்தார்.

அடுத்த வருசம் பாமசியில் இலக்கு என்ன என்று கேட்டபோது, மனுசன் "இந்த சீசனில் எமர்ஜென்சிக்குப் போகக்கூடாது" என்றார். பார்மசிஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. "அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிற ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். அப்படிக் கதைத்துக் கதைத்து வந்தது இதுதான்: புல் பூக்கிறதுக்கு முன்பே, செப்டம்பரில் இருந்து தினமும் இழுக்கிற தடுப்பு இன்ஹேலரை ஒரு நாளும் விடாமல் எடுப்பது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழைத் தொய்வு முன்னறிவிப்பைத் தினமும் பார்ப்பது. அபாயம் என்று போட்ட நாளில் மழைக்கு முன்பே வீட்டுக்குள் வந்து யன்னலைச் சாத்துவது. டொக்டரிடம் போய், தொய்வு எந்த நிலையில் இருந்தால் என்ன செய்வது என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பிரித்த செயல்திட்டத் தாளை நிரப்பி வாங்குவது.

முதலுதவியை மாமிக்காகத் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்துகிற குழாய்) ஒவ்வொன்றாக 4 பஃப், ஒரு பஃப்புக்கு 4 மூச்சு, பிறகு 4 நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. குறையாவிட்டால் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு, அது வரும் வரை அதையே திருப்பிச் செய்வது. மாமிக்கு இப்போது என்னைவிட நன்றாகப் பாடம்.

சென்னை:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடையில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் ஒருத்தருடையது, கவுன்டரில் நிற்பது வேறொருத்தர். வீசிங் என்று வாய் திறந்தால் போதும், ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து நாலு மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு, "காலைல ஒரு செட், நைட் ஒரு செட்" என்று நீட்டிவிடுவார். அதில் ஒன்று ஸ்டீராய்டு என்பது பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இலக்காவது ஒன்றாவது!

ஈரோடு (பார்மசிஸ்ட்):

சென்னைக்காரர் கோபம் நியாயம்தான். மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது பார்மசிஸ்ட்டின் கடமை என்று 2015இல் வந்த மருந்தியல் நடைமுறை விதிகளே சொல்கின்றன. ஆனால் சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் கவுன்டரில் பத்துக் கை நீளும்போது யாரை உட்கார வைத்துப் பேசுவது? அதனால் ஆஸ்துமாக்காரர்களை நான் மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிடுவேன். முதலாளி கொஞ்சம் முணுமுணுப்பார்.

வந்தவரிடம் முதலில் இலக்கைப் பற்றிப் பேசுவதில்லை. "எப்படி இழுக்குறீங்க, காட்டுங்க" என்பேன். ஒரு தாத்தா, கருவியில் போட்டு உள்ளிருக்கும் பொடியை இழுக்க வேண்டிய ரோட்டாகேப் கேப்சூலைச் சொம்புத் தண்ணீரில் விழுங்கிக் காட்டினார். "கேப்சூல்னுதானே தம்பி சொன்னாங்க?" கருவி பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. இன்ஹேலர்காரர்களில் பலர் அழுத்துவது ஒரு நேரம், இழுப்பது ஒரு நேரம். பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிடும். இழுத்த பிறகு பத்து விநாடி மூச்சைப் பிடித்து வைப்பதையும் செய்வதில்லை. இதெல்லாம் சரியாகாமல் எந்த இலக்கு வைத்தும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் கடந்த நான்கு வாரத்தைப் பற்றி ஐந்து கேள்வி. மொத்தம் 25 மதிப்பெண். 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் கட்டுப்பாடு போதவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது, "நோய் அடியோட போகணும்". ஜூன் மாதம் ஐதராபாத்தில் வரிசையில் நின்று ஆஸ்துமாவுக்கென்று மருந்து வைத்துக் கொடுக்கும் மீனை விழுங்கிவிட்டு வந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. "சரி, போகாம இருந்தாலும் பரவாயில்ல, எதை மட்டும் செய்ய முடிஞ்சா சந்தோஷம்?" என்று திருப்பிக் கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். ஓர் அக்கா திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும் என்றார். 14 கிலோமீட்டர். முதல் மாத இலக்காக பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் நடப்பதை வைத்தோம். அதை எட்டிய பிறகுதான் அடுத்தது.

வீட்டார் வைக்கும் இலக்கு நிலைப்பதே இல்லை. "அப்பா பீடியை விடணும், எழுதிக்குங்க" என்பான் மகன். அப்பா தலையை ஆட்டுவார், அடுத்த மாதம் வேறு கடையில் மருந்து வாங்குவார்.

இன்னொரு முட்டுக்கட்டை, "பம்பு பழகிடும்" என்ற பயம். இது உள்ளே இருக்கும்வரை எதை எழுதிக் கொடுத்தாலும் கடையை விட்டு இறங்கியதும் மறந்துபோகும். நான் கணக்கைக் காட்டிவிடுவேன். தினமும் இழுக்கும் இன்ஹேலரில் ஒரு பஃப்பில் ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம் என்றால், செட் மாத்திரையில் வரும் ஸ்டீராய்டு 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுக்கப் போகும், இது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும். எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

மருந்தின் அளவை மட்டும் நான் தொடமாட்டேன். நீல இன்ஹேலர் எத்தனை நாளில் தீர்ந்தது, மதிப்பெண் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுத்தனுப்புவேன். சிலர் அதைப் பார்ப்பார்கள், சிலருக்குப் பிடிக்காது.

ராஜபாளையம்:

எனக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஒரு ஷிஃப்ட்டும் தவறக் கூடாது, அவ்வளவுதான் என் இலக்கு. மெடிக்கல்காரர் மூச்சின் வேகத்தை ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரும் ஒரு அட்டவணையும் கொடுத்து, காலை, மாலை எழுதச் சொன்னார். மாதம் முடிந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பேனாவால் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டார். லீவு நாளில் எல்லாம் எண் ஏறியிருந்தது, வேலைக்குப் போனால் இறங்கியிருந்தது. "இது என் கடையில் முடியுற விஷயம் இல்லண்ணே, இந்தத் தாளோட டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பினார். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமின் தூசிதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அலைந்து திரிந்து பேக்கிங்குக்கு மாற்றல் வாங்கினேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. ராத்திரி தூங்குகிறேன்.

திருச்சி:

ஈரோடு பார்மசிஸ்ட் சாருக்கு ஒரு கேள்வி. என் பையனுக்கு எட்டு வயசு. இலக்கை நான் வைக்கணுமா, அவனா?

ஈரோடு (பார்மசிஸ்ட்):

அவன்தாங்க. கேட்டுப் பாருங்கள், அனேகமாக ஓட்டப் பந்தயம், கிரிக்கெட் என்றுதான் வரும். ஓடினால் இழுக்கிறது என்றால், ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நீல மருந்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் டீச்சரிடம் ஒரு இன்ஹேலர் கொடுத்து வையுங்கள், எப்படிக் கொடுப்பது என்றும் காட்டிவிடுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விட வேண்டும், துணியால் துடைக்க வேண்டாம். துடைத்தால் மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்து மெடிக்கலுக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்டால் அவனே பதில் சொல்லட்டும்.