ஸ்பிரெட்ஷீட்டில் நிதி மாதிரி கட்டுவதை எங்கிருந்து தொடங்குவது?

கடலோர மாணவி:
வணக்கம். திருகோணமலையில் முகாமைத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். என்பிவி (வருங்காலக் காசின் இன்றைய நிகரப் பெறுமதி), ஐஆர்ஆர் (முதலீட்டின் உள்ளக வருவாய் வீதம்) எல்லாம் கையால் செய்யத் தெரியும். ஆனால் வெறும் ஷீட் ஒன்றைத் திறந்து வைத்தால் எந்த மூலையில் தொடங்குவதென்றே தெரியவில்லை. இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட்டில் எண்ணை மாற்றினால் ஏதோ விடை வருகிறது, ஏன் வருகிறதென்று விளங்கவில்லை. லப்டொப் பழையது, இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ்தான் இருக்கிறது. அது போதுமா?

உப்புவெளியான்:
தாராளமாகப் போதும் தங்கச்சி. டெம்ப்ளேட்டை மூடிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுங்கள். நிலாவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் என்று வைப்போம். முதல் ஷீட்டில் எடுகோள்கள் மட்டும்: 8 அறை, இரவுக்கு 9,000 ரூபா, மே தொடக்கம் செப்டெம்பர் வரை 65% நிரம்பும், மற்ற ஏழு மாதமும் 15%, சம்பளம் கரண்ட் எல்லாம் மாதம் 400,000, வங்கித் தவணை 350,000. (பழகுவதற்காக நான் வைத்த எண்கள்தான்.) இரண்டாவது ஷீட்டில் பன்னிரண்டு மாதமும் அருகருகே வரட்டும், அங்கே ஒரு எண்ணைக்கூடக் கையால் அடிக்காதீர்கள், எல்லாமே முதல் ஷீட்டைப் பார்க்கும் ஃபோர்முலாவாக இருக்க வேண்டும்.

மாதம் 30 நாள் என்று எடுத்தால் சீசன் மாதம் ஒவ்வொன்றிலும் 654,000 மிஞ்சும், மற்ற மாதங்களில் 426,000 துண்டு விழும். வருடத்துக்குக் கூட்டினால் 288,000 மிச்சம், பரவாயில்லையே என்று தோன்றும். இனி மாத முடிவுக் காசு மீதியைத் தனி வரிசையில் கூட்டிக்கொண்டு போங்கள். மே மாதம் திறந்தால் எந்த மாதமும் மீதி பூச்சியத்துக்குக் கீழே போகாது. அதே கெஸ்ட்ஹவுஸை ஒக்டோபரில் திறந்தால் ஏப்ரல் முடிவில் 2,982,000 பற்றாக்குறை! அந்தக் காசு எங்கிருந்து வரும்? இதைக் கேட்க வைக்கத்தான் மாதிரியே கட்டுகிறோம், வருடக் கணக்கில் மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி எழும்பவே எழும்பாது.

கணக்காய்வு அக்கா:
நல்ல உதாரணம். நான் நாள் முழுக்கப் பிறர் கட்டிய ஷீட்டுகளைப் பார்ப்பவள், அதனால் இதையும் சேர்க்கிறேன். கையால் அடித்த எடுகோளுக்கு நீல எழுத்து, ஃபோர்முலாவுக்குக் கறுப்பு, இது தொழிலில் பரவலாக உள்ள வழக்கம். கூட்டலோ சராசரியோ எடுத்தால் அது கடைசி வரிசை வரை போகிறதா என்று செல்லுக்குள் போய்ப் பாருங்கள். பொருளியலாளர்களான ரைன்ஹார்ட்டும் ரோகொஃப்பும் அரச கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010 இல் எழுதிய கட்டுரையில், 49 ஆம் வரிசை வரை போக வேண்டிய சராசரி 44 உடன் நின்றுவிட்டது, ஐந்து நாடுகள் வெளியே. அரசியல்வாதிகள் எடுத்துக்காட்டிய கட்டுரை அது. 2013 இல் இதையும் வேறு சில குறைகளையும் வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் தோமஸ் ஹெர்ன்டன், வகுப்பு வேலைக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு மாணவர். மாணவர்தானே என்று நீங்களும் தயங்க வேண்டாம்.

அப்புறம், என்பிவி ஃபோர்முலா முதல் தொகையையே ஒரு காலம் (ஒரு மாதமோ வருடமோ) கழித்து வருவதாக எடுத்து, இன்றைய பெறுமதிக்குக் குறைத்துவிடும். இன்றைக்கே போடும் முதலீட்டை அடைப்புக்குறிக்கு வெளியே தனியாகக் கூட்டுங்கள்.

கடலோர மாணவி:
மிகவும் நன்றி அண்ணா, அக்கா. மாத மீதி வரிசை போட்டுவிட்டேன். ஆனால் பற்றாக்குறையை வங்கி மேலதிகப் பற்றில் (கணக்கில் உள்ளதைவிடக் கூட எடுக்கும் கடன்) எடுத்து அதற்கு வட்டியும் சேர்த்தால், ஃபோர்முலா தன்னையே சுற்றுகிறது என்று பிழை காட்டுகிறது.

உப்புவெளியான்:
மாத முடிவு மீதியில் வட்டி போட்டிருப்பீர்கள். வட்டி மீதியை மாற்றும், மீதி வட்டியை மாற்றும், அதுதான் சுற்றுகிறது. மாதத் தொடக்க மீதியில் வட்டி போடுங்கள், மாதக் கணக்கில் வித்தியாசம் சிறிதுதான். வட்டி வீதமும் முதல் ஷீட்டில் தனி செல்லில் இருக்கட்டும், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றிய நாடு இது. அந்தச் செல்லில் 7 கூட்டினால் ஒக்டோபர் திறப்பு என்னவாகிறது என்று பார்த்துவிட்டு ஷீட்டை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.