கதை படிப்பது யார் வேலை?

குழு: நம் வீட்டார்

அண்ணி, இரவு 9.05
இன்றும் உங்கள் அண்ணன், "நீயே படி, உன் குரல்தான் அவனுக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியோடு கூடத்துக்குப் போய்விட்டார். நியாயத்தை இங்கேயே கேட்கிறேன்.

அண்ணன், இரவு 9.11
இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருபவனுக்கு நியாயம் யார் சொல்வது? மேலும், தமிழை உயர்நிலைப் பள்ளியோடு விட்டவன் நான். எழுத்துக்கூட்டிப் படித்தால் பையன் தூங்க மாட்டான், சிரிப்பான்.

நான், இரவு 9.20
சிரிக்கட்டும் அண்ணா. நேற்று என் மகளுக்குப் படித்த கதையில் ஒரு கிணற்றுப் படம் வந்தது. "இது வாளிக்கு நீச்சல் குளமா, அப்பா?" என்று கேட்டாள். நானும் கிணற்றில் நீர் இறைத்தவனில்லை என்பதால், கயிற்றையும் கப்பியையும் கையால் நடித்துக் காட்டியதில் கதை இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்று காலை மின்தூக்கியில் இறங்கும்போது, "இதுதான் வாளி, நாமதான் தண்ணி" என்றாள்.

பெரியப்பா, இரவு 9.26
செம்பவாங் கிராமத்து வீட்டில் அப்படியொரு கிணறு இருந்தது. உங்கள் தாத்தா எங்களுக்குக் கதைப் புத்தகம் படித்ததில்லை. ஆனால் கப்பல் பட்டறையிலிருந்து வந்ததும் தமிழ் முரசு நாளிதழை உரக்கப் படிப்பார். படிப்பது ஆண்பிள்ளை வேலையா என்ற சந்தேகமே எங்களுக்கு வந்ததில்லை.

அத்தை, இரவு 9.38
பாலர் பள்ளியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். கதையை நிறுத்தி, "இவன் ஏன் அழுகிறான்?" என்று கேட்டு, பிள்ளையின் அரைகுறைப் பதிலை முழு வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்வதுதான் முக்கியம். 1988இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரே மாதம் இப்படிப் படித்ததற்கே பிள்ளைகளின் பேச்சுத்திறன் மேம்பட்டிருந்தது. சரளமாகப் படிப்பவர்கள்தான் நிறுத்தாமல் ஓடிவிடுகிறார்கள். தடுமாறிப் படிக்கும் அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை!

மற்றொன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடுதான். அம்மா மட்டுமே தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால், தமிழ் அம்மாவோடு பேசுவதற்கு மட்டுமான மொழி என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

நம் சின்னவன் காதிலும் இது விழட்டும்: 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தந்தையருக்கு, தகுதி இருந்தால், நான்கு வார விடுப்பு உண்டு. குழந்தை பிறந்ததும் மடியில் வைத்துப் படிக்கத் தொடங்கலாம். பொருள் புரியாவிட்டாலும் குரல் பழகும்.

அண்ணன், இரவு 9.44
சரி அத்தை, போகிறேன்.

அண்ணன், இரவு 10.31
"வாழைப்பழம்" என்பதை மூன்று முறை சொல்ல வைத்தான். "நாக்கை மடக்குங்கப்பா" என்று எனக்கே பாடம். இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது. நூலகத்தில் எப்போது திருப்பித் தர வேண்டும்?

அண்ணி, இரவு 10.33
நாளைக்கு. செயலியில் தவணையை நீட்டித்துவிட்டேன்.